மலையாளி: ஒரு பெயரும் இரு நிலங்களும்

'மலையாளி' என்னும் பதம் செவிப்பட்ட மாத்திரத்தில் கேரள தேசத்தவரே இன்று நினைவுக்கு வருகின்றனர். சவ்வாது மலையில் அப்பொருள் செல்லாது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாமை விளைத்து, தமிழே பேசி வாழும் பழங்குடியினரின் பெயர் அது.

மலை + ஆளி என்பது பதப்பிரிவு. 'ஆள்' என்பது ஆளுதலையும் குறிக்கும், மனிதனையும் குறிக்கும். மலையை ஆள்பவன் என்றுரைப்பது செவிக்கு இனிது. மலையில் உறைபவன் என்பதே வழக்கிற்கு இசைந்தது. சொல்லின் பொருளை அது வழங்கும் இடமே நிர்ணயிக்கிறது. பகவத் குணங்களில் ஆழ்ந்தவர் என்று நாம் பொருள் கொள்ளும் 'ஆழ்வார்' என்ற சொல், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குந்தவையாருக்கு அடைமொழியாக நிற்கிறதன்றோ?

மேற்கே 'மலையாளம்' என்பது முதலில் நாட்டின் பெயர். மொழிக்கு அது பின்னரே நிலைத்தது. நம் சம்பிரதாயம் மலைநாட்டுத் திருப்பதிகள் 13 என்று எண்ணும். அவற்றுள் திருவட்டாறும் திருவண்பரிசாரமும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. மலைநாட்டை இக்காலத்து மாநில எல்லையால் அளத்தல் பொருந்தாது.

சவ்வாது மலையாளிகளின் பூர்வ கதை வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பிலும் இடம்பெற்றது. கங்குந்தி வேடர், காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட எழுவர் ஏழு நாய்களுடன் சென்றனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தமக்கு ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாறு பெருக்கெடுத்திருந்தது, நாய்கள் பாதி நீந்தித் திரும்பிவிட்டன. வேடரை வென்று ஊர் மீண்ட எழுவரும் தமக்கே கருமம் முடிந்திருக்கக் கண்டனர். இறந்தவராக எண்ணி ஊரார் ஏற்க மறுக்கவே, வேடர் மகளிரை மணந்து சவ்வாது மலை ஏறினர் என்பது கதை. சக வருஷம் 1055 என்று அதற்குச் சொல்லப்படும் காலத்தை நான் சரித்திரமாகக் கொள்ளேன். ஆயினும் குலப்பெயரை இழந்தோர்க்கு மலையே பெயரளித்தது என்னும் உட்பொருள் கருதத்தக்கது.

இவர்கள் பெயருக்குப் பின் இடும் 'கவுண்டர்' வேறொரு வழியில் வந்தது. கன்னடக் கல்வெட்டுகளில் 'காமுண்ட', 'காவுண்ட' என்பன ஊர்த்தலைவனைக் குறிக்கும். பதவிப்பெயர் நாளடைவில் குடிப்பெயராயிற்று. சமவெளிக் கவுண்டரோடு இவர்களை ஒன்றாக எண்ணும் மயக்கம் அதனால் விளைவது.

அரசாணையில் இம்மயக்கம் பெருங்கேடாயிற்று. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 'மலையாளி'யைச் சில மாவட்டங்களின் பெயரோடு மட்டும் பட்டியல் பழங்குடியாகக் குறித்தது. வட ஆர்க்காடு அதில் உண்டு, கோயம்புத்தூர் இல்லை. பர்கூர் மலை அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. 1979-ல் ஈரோடு தனி மாவட்டமான பின்னும் அங்குள்ள மலையாளிகள் பழங்குடிச் சான்று வேண்டி நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர்.