நடுச்சாமத்தில் அடித்த மணி

1799 அக்டோபரில் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு மாறியது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியவை கோட்டையும், அரண்மனையும், வருவாயில் ஒரு பங்கும்தான். வரியெல்லாம் கும்பெனிக் கணக்கில் சேரும்போது சத்திரங்களுக்கு விட்டிருந்த மானியங்கள் என்ன ஆகும்? அந்தக் கவலையில் 1801 ஜனவரியில் தஞ்சையிலிருந்த கும்பெனி ரெசிடெண்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எது போனாலும் சத்திர தர்மம் நிற்கக் கூடாது என்று கேட்கும் கடிதம் அது. வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வார்டனாக இருக்கும் நான், என் வேலைக்கான பாடநூலாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நான் பிறந்தது ஒரத்தநாட்டுப் பக்கம். அங்குள்ள முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி கட்டியது. அற்ப ஆயுளில் போய்ச்சேர்ந்த அவருடைய காதலி முக்தாம்பாளின் கடைசி ஆசை அது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ராமேஸ்வரம் போகும் வழியிலும் மற்றப் பெருவழிகளிலும் தஞ்சை மராட்டிய அரசர்கள் இப்படிப் பல சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் சிலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம்.

கடிதம் சொல்வதைக் கேளுங்கள். வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமானும் உண்டு. நோயாளி வந்தால் மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும்வரை மரியாதையோடு பார்த்துக்கொள்வார்கள். விஷக்கடிக்கு வைத்தியம் தெரிந்தவர் சத்திரத்திலேயே இருப்பார். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்கு மருந்தும் பிரசவச் செலவும். பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் தங்கலாம். வந்த இடத்தில் அநாதையான பிள்ளைகள் வாத்தியார் பொறுப்பு: மூன்று வேளைச் சாப்பாடு, துணி, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய படிப்பு, பிறகு கல்யாணச் செலவு. ஏழை யாராவது இறந்துபோனால் ஈமச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது.

மானியத்தைக் காப்பாற்ற ஓர் அரசர் எழுதிய முறையீடு இது. நடைமுறையில் குறைகள் இருந்திருக்கும். ஆனாலும் இந்தப் பட்டியல் கற்பனையில் வருவதில்லை. எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறித்தவர் சிக்குப் பிடித்த பிள்ளைத் தலையைத் தொட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் என்று வைத்தவர் பச்சை உடம்புக்காரி ஒருத்தி வெயிலில் நடந்து போவதைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியதாக எனக்குப் படுவது வேறொன்று. சோறு போடுவது நடுச்சாமம்வரை நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வந்து சாப்பிடுங்கள் என்று கூவி அழைப்பார்கள். பசியோடு இருப்பவன் கேட்கக் கூசி எங்காவது இருட்டில் ஒதுங்கிக் கிடப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நமக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் வந்த மத்திய அரசுத் திட்டம், லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் என்று வகுத்தது. எங்கள் காப்பகத்தில் பாயும் போர்வையும் சோறும் உண்டு. ஆனால் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள் தாமாக வருவது குறைவு. மூட்டையை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம். புருஷனையும் பெண்சாதியையும் வேறு வேறு காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்களே என்று தயக்கம். “நானெல்லாம் உள்ள வரலாமா தம்பி?” என்று கேட்ட பாட்டிகளை எனக்குத் தெரியும். “உங்களுக்குத்தாம்மா கட்டியிருக்கு, வாங்க” என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் எழுந்து வருவார்கள்.

அழைப்பது நின்றால் கதவும் குறுகிவிடும். அதற்கும் எங்கள் ஊரே சாட்சி. எல்லோருக்கும் சோறு போட என்று ஏற்பட்ட சத்திரச் சொத்தில் ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பிற்காலத்தில் நடந்த மாணவர் விடுதிகள் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகியிருந்தன. 1920களில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம்தான் அவற்றை மற்றப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்.

ஆகவே, எத்தனை பேர் படுக்க இடம் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ராத்திரியில் தெருத்தெருவாக நடந்து அழைத்துவர ஆள் உண்டா? அவருக்குச் சம்பளம் உண்டா? தம்பதி சேர்ந்து தங்க ஓர் அறை உண்டா? மூட்டையை வைத்துப் பூட்ட அலமாரி உண்டா? இவை காப்பகத்தின் வரவு செலவில் ஏற வேண்டியவை. மன்னர் காலத்தில் தர்மமாக இருந்தது இன்று உரிமை. தர்மமாகக் கொடுத்தபோதே இவ்வளவு யோசித்துக் கொடுத்தார்கள் என்றால், உரிமையாகக் கொடுக்கும் நாம் அதில் ஒரு பிடி குறைக்கவும் நியாயமில்லை.