மணல் காத்தால் தீவு: திருவரங்கமும் மன்னார் வளைகுடாவும்

தீவு உயிரினங்களைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இனப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அந்த இனங்கள் நிற்கும் தரை எதனால் ஆனது, அது ஆண்டுதோறும் வளர்கிறதா தேய்கிறதா என்று கேட்பவர் குறைவு. தீவின் உயிர்களைக் காக்க வேண்டுமானால் தீவை ஆக்கிய மணலையும் பவளத்தையும் முதலில் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்டு 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. ஆனால் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், அலையின் வேகத்தைத் தணித்துவந்த அரண் போயிற்று, கரை கரைந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிற்பாடு வான்தீவைக் காப்பாற்றக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. இயற்கை இலவசமாகச் செய்துவந்த வேலையைக் கான்கிரீட்டால் செய்யும் நிலை அது.

இந்தப் பாடம் கடலுக்கு மட்டும் உரியதன்று. திருச்சியில், முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கமும் தீவுதான். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலுமே அதன் உடல். அங்கே மேலூரில், மேலணைக் காப்புக்காட்டில், 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. செயற்கை நீரூற்றையும் விளையாட்டுத் திடலையும் காட்டி இதை வெறும் சுற்றுலாத் தலம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் உடன்படவில்லை. பூங்காவின் உயிர்நாடி அங்கு வளர்க்கப்படும் உணவுச் செடிகளில் இருக்கிறது. சிவப்புடல் அழகியை எடுத்துக்கொள்வோம். பெண் பூச்சி செடிசெடியாகத் தாழப் பறந்து, இலையைக் காலால் தொட்டுச் சோதித்து, ஆடுதின்னாப்பாளை வகைக் கொடி கிடைத்தால்தான் முட்டையிடும். புழு அந்த இலையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டத் தயங்கும். வேலியோரத்துக் களையென்று அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பூச்சிக்கு அங்கே மறுதலைமுறை இல்லை. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையை நோக்கிக் கடல்மேல் கூட்டமாகப் பறந்ததாகப் பதிவானதும் இதே இனந்தான். ஆற்றுத் தீவையும் கடல் தீவையும் தனித்தனிக் கோப்புகளில் அடைத்து வைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காப்புக்காட்டுக்குப் பெயர் தந்த மேலணை 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி எழுந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சில நாட்களுக்கு முன்புதான் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் தூண்கள் சாய்ந்திருந்தன. 1928இல் கட்டப்பட்ட பாலம் அது. அளவுக்கு மீறி மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்ததே காரணம் என்றனர் விவசாயிகள். அரசுத் தரப்பு அணையின் வயதையும் வெள்ளத்தின் வேகத்தையும் சொன்னது. இரண்டும் சேர்ந்தே அழித்திருக்கலாம். ஆனால் வயதான கட்டுமானத்துக்குப் படுகை தாழ்வதைவிடப் பெரிய பகை இல்லை; உயிரினங்களுக்கும் அப்படியே. செங்குத்தான மண்கரையில் வளை தோண்டும் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும், திட்டுகளில் ஒதுங்கும் நீர்நாயும், கரை சரிந்தால் போக்கிடமின்றித் தவிக்கும். படுகை தாழத் தாழக் கரையோர நிலத்தடி நீரும் இறங்கும். பூங்காவின் செடிகள் வேரூன்றியிருப்பதும் அந்த ஈரத்தில்தான்.

மணல் இல்லாமல் வீடு கட்ட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எம்-சாண்ட் புழக்கத்துக்கு வந்துவிட்ட இக்காலத்தில், ஆற்று மணலே வேண்டும் என்ற பிடிவாதம் நியாயமாகாது.

வண்ணத்துப்பூச்சிகளை வனத்துறை கணக்கெடுக்கிறது. ஆற்றுப்படுகையை நீர்வளத்துறை அளக்கிறது. இரு பதிவேடுகளையும் ஆண்டுதோறும் ஒன்றாக வைத்துப் படித்து, படுகை தாழ்ந்த இடங்களில் மணல் எடுப்பதை உடனே நிறுத்தும் அதிகாரமுள்ள ஒரு குழுவை அரசு திருவரங்கத் தீவுக்கு அமைக்க வேண்டும். அதற்கான களப்பணியைத் திருச்சிக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைகள் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.