பரேல் புட்டியும் இயந்திரக் கையும்

மாதுங்காவில் ரயிலேறித் தெற்கே செல்லும் நம் மக்களுக்குப் பரேல் பழகிய நிலையம். முன்னாளில் பம்பாய் ஆளுநர்கள் வசித்த பரேல் மாளிகையில் ஹாஃப்கின் நிறுவனம் இயங்கி வருகிறது. மருத்துவமனைகளில் ஊசி மருந்தைக் கலக்கும் பணியை இன்று இயந்திரக் கைகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியுள்ளனர். இதன் காரணத்தை உணர விரும்புவோர் இம்மாளிகையின் வரலாற்றை அறிதல் நலம்.

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஒடெஸ்ஸாவில் பிறந்த அறிஞர் வால்டெமார் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறியதோர் அறையில் தடுப்பு மருந்து தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1899இல் அவருடைய ஆய்வுக்கூடம் பரேல் மாளிகைக்கு மாறியது. அங்கிருந்து மருந்துப் புட்டிகள் நாடெங்கும் சென்றன.

1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர், டெட்டனஸ் என்னும் இசிவு நோயால் மாண்டனர். நோய்க்கிருமி பரேலிலேயே புட்டியில் புகுந்ததா, அன்றிக் கிராமத்தில் புட்டியைத் திறக்கையில் புகுந்ததா? இதுவே வழக்கு. ஹாஃப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்து, வெப்பத்தால் கிருமி நீக்கும் முறையைக் கைக்கொண்டிருந்தார். விசாரணைக் குழு அதனையே குற்றமாகக் கண்டது. அவர் பதவி இழந்தார். ஆயினும், தக்கையை எடுக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்ததென்றும், அது செவ்வனே தூய்மை செய்யப்படவில்லை என்றும் சாட்சியத்தால் தெரிய வந்தது. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907இல் பழி நீங்கிற்று. 1925இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஒரு நொடியின் கவனக்குறைவு 19 உயிர்களைக் கொண்டது. அதைத் தெளிவாக்க ஏறக்குறைய ஐந்தாண்டுகள் சென்றன. இரத்தக்குழாயில் நேரே செலுத்தும் மருந்தில் இவ்வபாயம் இன்னும் பெரிது. வாயால் உண்பதற்கு உள்ள இயற்கைத் தடைகள் இதற்கு இல்லை. அளவு பிழைத்தாலும் ஆபத்தே.

வெளிநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் இன்று பணிபுரியும் ரோபோக்கள் இவ்விரு தவறுகளையும் தடுக்க முயல்கின்றன. வடிகட்டிய காற்று ஓடும் மூடிய கூண்டுக்குள் இயந்திரக் கை மருந்துப் புட்டியை எடுக்கிறது. அதன்மேலுள்ள கோட்டுக் குறியீட்டைப் படிக்கிறது. மருந்தை உறிஞ்சிக் கரைசலில் சேர்க்கிறது. முன்னும் பின்னும் எடை பார்க்கிறது. எடை ஒவ்வாவிடில் அதனைத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு செயலும் பதிவாகிறது. புற்றுநோய் மருந்துகளில் மற்றொரு நன்மையும் உண்டு: கலப்பவரின் உடலையே தாக்கக்கூடிய அம்மருந்துகளிலிருந்து அது ஊழியரைக் காக்கிறது. 1941 முதல் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்து வருவதை அறிந்த நமக்கு இது அயற்செய்தியன்று.

எனினும், இயந்திரத்தின் விலை மிகுதி. அதனைத் துடைப்பவரும், புட்டிகளை அடுக்குபவரும், மருத்துவரின் சீட்டைச் சரிபார்ப்பவரும் மனிதரே. கூண்டு மாசுற்றால் இயந்திரக் கையும் மாசையே கலக்கும். ஆதலின் முல்கோவால் புகட்டிய பாடம் ரோபோவுக்கும் பொருந்தும்: மருந்து எவ்வளவு சிறந்ததாயினும், அது நோயாளியை அடையும் கடைசிப் படி வரையில் தூய்மை காக்கப்பட வேண்டும்.