சத்தியம் செய்ய மறுத்தவர்

வழக்குரைப்பவரிடம் சான்றும் மறுப்பவரிடம் சத்தியமும் கேட்கப்படும் என்னும் விதி, ஃபிக்ஹு நூல்களைத் திறந்த மாணவர் எவருக்கும் மனப்பாடம். அவ்விதியில் சத்தியம் என்பது மறுப்பவருக்கு ஒரு கேடயம். அதே சத்தியத்தை ஒருவரைப் பிடிக்கும் கண்ணியாக விரித்தால் என்னவாகும்? பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது.

அந்நாட்டு ஆயர்களின் உயர் விசாரணை மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அழைத்து வரப்பட்டவர், தம்மீதுள்ள குற்றச்சாட்டு இன்னதென்று அறியுமுன்பே, கேட்பவற்றுக்கெல்லாம் உண்மையே உரைப்பதாக வேதத்தின்மீது சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் மறுமை போயிற்று. மெய் சொன்னால் இம்மை போயிற்று. வாய் திறவாவிட்டால் சிறை. இதில் விந்தை ஒன்றுண்டு. இறையச்சம் இல்லாதவன் கூசாமல் பொய்ச்சத்தியம் செய்து தப்பிவிடுவான். அகப்படுபவர் இறைவனுக்கு அஞ்சுபவரே. பக்தியையே தூண்டிலாக்கிய இம்முறையைப் படிக்கையில் நமக்கு உள்ளம் பதைக்கிறது.

1637-ஆம் ஆண்டின் இறுதியில், மன்னர் முதலாம் சார்லசின் ஆட்சியில், ஜான் லில்பர்ன் என்ற இளைஞர் கைதானார். துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றவர் அவர். ஆயர்களைச் சாடும் நூல்களை ஹாலந்தில் அச்சிட்டுக் கொணர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. 'ஸ்டார் சேம்பர்' எனப்பட்ட அரச மன்றம் அவரையும் சத்தியம் செய்யச் சொன்னது. தம்மைச் சிக்கவைக்கவே இக்கேள்விகள் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். தண்டனை, ஐந்நூறு பவுன் அபராதமும் கசையடியும். 1638 ஏப்ரல் 18 அன்று வண்டியின் பின்புறம் கட்டப்பட்டு, ஃபிளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை அடிபட்டவாறே நடந்தார். தண்டமரத்தில் தலையைப் பூட்டி நிறுத்தியபோதும் கூட்டத்தை நோக்கிப் பேசிக்கொண்டே இருந்தாராம். பேச மறுத்ததற்காகத் தண்டித்தவர்கள், பேசுகிறார் என்று வாயில் துணி அடைத்தார்கள்!

1640 நவம்பரில் நாடாளுமன்றம் கூடியதும், அவர் மனுவை எடுத்துரைத்தவர் ஆலிவர் கிராம்வெல். லில்பர்ன் விடுதலையானார். மறு ஆண்டு ஜூலையில் ஸ்டார் சேம்பரும் உயர் விசாரணை மன்றமும் ஒழிக்கப்பட்டன. ஆனால் மௌனம் உரிமையாக வேரூன்ற இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தமாக 1791-இல் அது இடம்பெற்றது.

குற்றவாளியின் வாயிலிருந்தே குற்றத்தைக் கறக்கலாகாது என்னும் எண்ணம் நம் இமாம்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 182-இல் (கி.பி. 798) மறைந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், சந்தேகத்தின்பேரில் ஒருவரை அடிக்கக் கூடாது என்றும், அடித்துப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்றும் தெளிவுபடுத்துகிறார். தலைமைக் காழி ஒருவர் தம் அரசருக்கே இதை எழுத நேர்ந்ததென்றால், அதிகாரிகள் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றே நாம் கருத வேண்டும்.

இந்திய நாட்டில், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. அதனிடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கைவிடவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சியாகுமாறு யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு.

எனினும் 1987-இன் தடாச் சட்டமும் 2002-இன் பொடாச் சட்டமும், காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றன. தடா 1995-இல் காலாவதியாயிற்று. பொடா 2004-இல் நீக்கப்பட்டது. பூட்டிய அறையில் போட்ட கையொப்பத்தால் நீண்ட சிறைவாசம் அனுபவித்தவர்களுக்கு அவ்வாண்டுகளைத் திருப்பித் தர எந்தச் சட்டமும் வரவில்லை.