உறுதிப்படுத்தல் சார்பு

உறுதிப்படுத்தல் சார்பு என்பது, ஒருவர் தாம் முன்பே கொண்டுள்ள கருத்துக்கு இசைவான சான்றுகளை எளிதில் ஏற்பதும், மாறான சான்றுகளைப் புறக்கணிப்பதும் அல்லது அளவுக்கு மீறி ஐயுறுவதும் ஆகிய உளப்போக்கு ஆகும். இது பொய்யுரைத்தலன்று. இச்சார்புக்கு உட்பட்டவர் தாம் நடுநிலையுடன் ஆராய்வதாகவே கருதுவார்.

வரலாறு

ஆராயாமல் நம்புவது, நம்பியபின் ஐயுறுவது ஆகிய இரண்டும் தீராத் துன்பம் தரும் எனத் திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் கூறுகிறது. அது ஆட்களைத் தெரிவு செய்வது பற்றியது. பொதுவான மனப்போக்காக இதனை விளக்கியவர்களுள் பிரான்சிஸ் பேக்கன் (1620) குறிப்பிடத்தக்கவர்.

சோதனைகள்

1960இல் பீட்டர் வேசன் என்னும் பிரித்தானிய உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைத் தந்து, அவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டறியச் சொன்னார். விதி ஏறுவரிசை மட்டுமே. பலர் 'இரண்டிரண்டாகக் கூடும்' என எண்ணி, அதற்குப் பொருந்தும் எண்களையே சோதித்துத் தவறான விடை கூறினர். தம் எண்ணத்தைப் பொய்ப்பிக்கக்கூடிய எண்களை அவர்கள் முயன்று பார்க்கவில்லை.

1979இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் மரண தண்டனையை ஆதரித்தோருக்கும் எதிர்த்தோருக்கும் ஒரே இரு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தனர். இரு தரப்பாரும் தமக்குச் சாதகமான ஆய்வையே செம்மையானதென மதித்தனர். முன்னைவிட உறுதியடைந்ததாகவும் கூறினர்.

முக்கொம்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் முக்கொம்பு. இங்கு ஆர்தர் காட்டன் 1836இல் அமைத்த மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள், 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அரசுத் தரப்பு அணையின் வயதைச் சுட்டியது. எதிர்க்கட்சிகளும் விவசாயிகள் சங்கங்களும் ஆற்று மணல் அள்ளப்பட்டதைக் காரணமாகக் கூறின. ஒரே இடிபாடு இரு கூற்றுகளுக்கும் சான்றாயிற்று.

இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல; பழைய கட்டடத்தின் அடித்தளம் மணல் இழப்பால் மேலும் நலிவுறலாம். ஆயினும் எஞ்சிய 36 மதகுகளும் அதே வயதினவே என்பதற்கு முதல் கூற்று விடை கூற வேண்டும். அந்த 9 மட்டும் ஏன் விழுந்தன என்பதற்கு இரண்டாவது விடை கூற வேண்டும். ஆற்றுப்படுகையின் மட்டம் ஆண்டுதோறும் எவ்வளவு தாழ்ந்தது, அடித்தளத்தின் கீழ் நீர்க்கசிவு இருந்ததா என்பன போன்ற அளவீடுகளே இவ்வழக்கைத் தீர்க்க வல்லவை. அவை தம் கூற்றுக்கு எதிராகவும் அமையலாம் என்பதே அவற்றின் பயன்.

இடிவதற்கு முன்பும் ஒரு சார்பு செயற்படக்கூடும். 182 ஆண்டுகள் நின்ற அணை இனியும் நிற்கும் என்று எண்ணுவது எளிது. ஒவ்வொரு வெள்ளமும் அந்நம்பிக்கையை வளர்க்கிறது, அதே வெள்ளம் அடித்தளத்தை அரித்தும் இருக்கலாம். திருவரங்கத் தீவின் கிழக்கு முனையை அடுத்துள்ள கல்லணை பழந்தமிழர் கட்டுமானத் திறனுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அத்திறன் மெய்யே. எனினும் கல்லணை 19ஆம் நூற்றாண்டில் திருத்தியமைக்கப்பட்டதும், அழிந்துபோன பழைய அணைகள் கணக்கில் வராததும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. முக்கொம்பில் இடிந்த அணைக்கு அருகே பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது.