பாசிப்பாட்டமும் ஊத்தாவும்



துபாயில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், நம் பக்கத்து மீன்பிடித் திருவிழா வீடியோவை அனுப்பி, "இது எப்போதிருந்து ஐயா?" என்று கேட்டார். வகுப்பில் கேட்காத கேள்வி! எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறே மழை பெய்தால்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கித்தான் நமக்கு வெள்ளாமை. அறுவடை முடிந்து கோடையில் தண்ணீர் வற்றியதும், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, தூரி, வலையோடு ஊரே இறங்கும்.

விரால், கெளுத்தி, குரவை, கெண்டை எல்லாம் நம் மண்ணின் மீன்கள். ஜிலேபி 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. கட்லா, ரோகு வடநாட்டு ஆற்று மீன்கள். 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி குழுவினர் ஊசி மருந்து செலுத்தி ரோகு போன்ற மீன்களை முட்டையிட வைத்தார்கள். அதன் பிறகே கண்மாய்களில் விடக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன.

ஆனால் வழக்கம் பழையது. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்' என்ற சொற்கள் வரும். ஏரி மீனுக்கான குத்தகைப் பணம் அது. அந்தப் பணத்தை ஏரியைத் தோண்டி ஆழப்படுத்தவே ஒதுக்கிய ஊர்களும் உண்டு. இன்றும் நாம் 'மீன்பாசி ஏலம்' என்றுதானே சொல்கிறோம்!

எனக்குப் பத்து வயதில் அப்பா இல்லை. அப்பத்தா கொடுத்த ஊத்தாவோடு இறங்கினேன். அமுக்கி அமுக்கிக் கைவிட்டுத் துழாவியும் சேறுதான் வந்தது. அழுகையோடு கரையேறினால், என் பையில் நாலு கெளுத்தி கிடந்தது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்று குழம்பு மணக்காத வீடே ஊரில் இல்லை.

நம் ஊர்க் கண்மாயில் மூன்று வருடமாகத் துண்டு வீசவில்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. மீனைப் பகிர்ந்தது நமக்கு நினைவிருக்கிறது. மீன் காசில் மண் எடுத்தது மறந்துவிட்டது. வரும் சித்திரையில் ஊருக்கு வருகிறவர்கள் ஒரு நாள் வாய்க்கால் வேலைக்கு ஒதுக்குங்கள். மண்வெட்டியோடு நானும் வருகிறேன். ஊத்தாவை அடுத்த வருடம் எடுக்கலாம்.