கடற்கரைப் பாடல்கள்: வானொலியேறிய வரலாறு

மீனவர் தொழிற்பாடல்களும் கடலோரக் கானாவும் நகர வானொலியின் பாடல் பட்டியலில் இடம்பிடித்த வரலாறு. களம், சென்னைக்குச் சுமார் 60 கி.மீ. வடக்கே உள்ள பழவேற்காட்டுக் குப்பங்கள் முதல் காசிமேடு வரையிலான கரை. இந்தக் கரைப் பாட்டுக்கு வானொலியின் முன்வாசல் திறக்கவில்லை என்றே சொல்லலாம். அது சினிமாக் கொட்டகை வழியாகச் சுற்றித்தான் உள்ளே போனது.

மூலம் அம்பாப் பாட்டு. பெரிய வலையை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’, ‘ஐலசா’ என்று வாங்கிப் பாடுவார்கள். வாங்கும் இடத்தில்தான் கயிறு நகரும். பாட்டுக்கென்று முடிவு கிடையாது. வலை கரையேறினால் பாட்டும் நின்றுவிடும். பழவேற்காட்டு ஏரிக்குள் தொழில் வேறு மாதிரி. ஆழம் குறைவு, கழி ஊன்றியே போகலாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் யார் எங்கே வலை போடுவது என்பதைப் ‘பாடு’ முறையில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கூட்டமாகக் கூடி இழுக்கும் வேலை கடற்பக்கத்தில்தான் அதிகம்.

1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. அகில இந்திய வானொலியில் நாட்டுப்பாடலுக்கும் குரல் தேர்வு உண்டு, தரம் உண்டு, நிமிடக் கணக்கு உண்டு. இழுக்க வலையில்லாத அறையில் அம்பா என்ன செய்யும்? 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலையும் ஒதுக்கிவைக்க, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அவர்களை மீட்க 1957இல் விவித பாரதி வந்தது. ‘படகோட்டி’ (1964) வெளியானபோது, வாலி எழுதி விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த மீனவர் பாடல்கள் தமிழ்நாடெங்கும் வானொலியில் ஒலித்தன. கடல் அதில் இருந்தது. கயிற்றின் தாளம் இல்லை. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு: வானொலியில் நாட்டுப்பாடல் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண் பாவம்’ (1985) வழியாகத் திரைக்குப் போனார். ஆனால் அவர் கரையோரக்காரர் அல்லர், சிவகங்கைச் சீமைக்காரர்.

அடுத்த அலை வடசென்னைக் கானா. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட அதை 1990களில் இசையமைப்பாளர் தேவா திரையிசைக்குள் கொண்டுவந்தார். 2003இல் சூரியன், மிர்ச்சி முதலிய தனியார் பண்பலைகள் சென்னையில் ஒலிபரப்பத் தொடங்கின. அவற்றின் பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் இசை நிறுவனம் வெளியிட்ட படப்பாடல்; எடுபட்டால் ஒரே நாளில் பலமுறை சுற்றும். உரிமம் பேச நிறுவனம் இல்லாத குப்பத்துப் பாட்டுக்கு அங்கே நுழைவுச்சீட்டு இல்லை.

மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’ (2006) அந்தச் சீட்டைக் கொடுத்தது. சுந்தர் சி. பாபு இசையமைத்த அந்தப் படத்தில் கானா உலகநாதன் பாடிய வாளமீன் பாட்டு, மீன்களின் கல்யாணக் கதை. கரையில் கூறுகட்டி விற்கும் மீன்களே பெண், மாப்பிள்ளை, சொந்தபந்தம். பண்பலைகள் அதை ஓயாமல் போட்டன. ‘அட்டகத்தி’யில் (2012) கானா பாலாவும் அதே வழியில் வந்தார். 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டோ படமே இல்லாமல் யூடியூபில் பரவிவிட்டது.

இதற்கிடையே கரையே மாறிவிட்டது. சுனாமிக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன. பல குப்பங்களில் படகை இழுப்பது டிராக்டர். மீனவர்களுக்கென்றே 2016இல் தெற்கே பாம்பனில் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி (90.4) வானிலை, மீன்வளச் செய்திகளோடு அவர்களின் பாடல்களையும் ஒலிபரப்புகிறது. ஆனால் அதன் ஒலிபரப்பு எட்டுவது பாம்பன் சுற்றுவட்டாரத்தை மட்டுமே.